க்யூ நீளம் எத்தனை மில்லிசெகண்ட்?

ஹாஸ்டல் வைஃபையில் ஸ்பீட் டெஸ்ட் போட்டா 40 எம்பிபிஎஸ் காட்டும். அதே நேரத்தில் பக்கத்து ரூமில் ஒருத்தர் ஆன்லைன் இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பார். குரல் ரோபோ மாதிரி உடையும், முகம் உறைஞ்சு நிற்கும், "உங்க வாய்ஸ் வரலையே" என்று எதிர்முனையில் மூணு தடவை சொல்வாங்க. நாலாவது தடவை சொல்ல மாட்டாங்க, அடுத்த கேண்டிடேட்டுக்குப் போயிடுவாங்க.

ஒரு வீடியோ காலுக்கு 2 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். 40 இருக்கிற இடத்தில் 2 ஏன் கிடைக்கலை? "நெட் ஸ்லோடா" என்று சொல்லி நாம எல்லாரும் அந்தக் கேள்வியை மூடிடுவோம். உண்மையில் நெட் ஸ்லோ இல்லை. அவரோட பாக்கெட் எங்கேயோ ஒரு வரிசையில் நின்னுக்கிட்டு இருக்கு. எங்கே நிற்குது, எவ்வளவு நேரம் நிற்குது, அதை யார் முடிவு பண்றாங்க என்பதைத்தான் இங்கே பார்க்கப் போறோம். ஸ்பீட் டெஸ்ட் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அது குழாயின் அகலத்தை அளக்குது. தண்ணி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளக்கிறதில்லை.

நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்க. லேப்டாப்பை எடுத்துக்கிட்டு ரவுட்டரிலிருந்து தள்ளி, சிக்னல் ஒரு கட்டை, ரெண்டு கட்டை காட்டுற மூலைக்குப் போங்க. அங்கே இருந்து ரவுட்டரோட ஐபி முகவரிக்கு பிங் போடுங்க. கூகுளுக்கு வேண்டாம், ரவுட்டருக்கு மட்டும் போட்டாதான் காற்றில் போற அந்த ஒரு தாவலைத் தனியா அளக்க முடியும். சும்மா இருக்கும்போது சில மில்லிசெகண்டில் பதில் வரும். இப்போ ஒரு பெரிய ஃபைலை அப்லோடு போட்டுட்டு பிங்கைப் பாருங்க. மூலைக்கு ஏன் போகச் சொன்னேன்னா, வைஃபை இணைப்பு வெளி இன்டர்நெட்டை விட மெதுவா இருந்தாதான் வரிசை உங்க லேப்டாப்பில் சேரும். இல்லைன்னா ரவுட்டருக்கு அந்தப் பக்கம் சேர்ந்துடும், இந்த பிங்கில் தெரியாது. வரிசை எப்பவும் குறுகலான இடத்துக்கு முன்னாடிதான் சேரும். டவுன்லோடுன்னா அதே வரிசை ரவுட்டருக்குள்ள, உங்களை நோக்கி வர்ற பக்கம் சேரும்.

ஆயிரம் பாக்கெட் என்றால் எவ்வளவு?

லினக்ஸில் ஒரு நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்குப் பல வருஷமா டிஃபால்ட் க்யூ நீளம் 1000 பாக்கெட். ஒரு பாக்கெட் 1500 பைட், அதாவது 12,000 பிட். ஆயிரம் சேர்ந்தா 1.2 கோடி பிட். இந்த வரிசையோட கடைசியில் உங்க பிங் போய் நின்னா எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

1 ஜிபிபிஎஸ் ஈதர்நெட்டில் 12 மில்லிசெகண்ட். யாருக்கும் தெரியாது. 65 எம்பிபிஎஸ் வைஃபையில் 185 மில்லிசெகண்ட். கேம் ஆடுறவங்களுக்குத் தெரியும். 6.5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடுற மூலை ரூமில் 1.85 செகண்ட். 1 எம்பிபிஎஸ் வரை இறங்கினா 12 செகண்ட். ஆயிரம் என்ற நம்பர் நாலு இடத்திலும் ஒண்ணுதான். ஒரு இடத்தில் அது குட்டி வரிசை, இன்னொரு இடத்தில் ரேஷன் கடை வரிசை.

ஏன் இவ்வளவு பெரிய க்யூ வச்சாங்க? மெமரி மலிவு. பாக்கெட்டைத் தூக்கிப் போடுறது பாவம்னு ஒரு எண்ணம். ஆனா டிசிபி வேலை செய்யற விதமே பாக்கெட் தொலையறதை வச்சுத்தான். க்யூபிக் மாதிரியான வழக்கமான டிசிபி, ஏதாவது ஒரு பாக்கெட் டிராப் ஆகும் வரை வேகத்தைக் கூட்டிக்கிட்டே போகும். "இங்கே நெரிசல்" என்று அதுக்குப் புரியற மொழி அதுதான். க்யூ பெருசா இருந்தா டிராப் வராது. டிராப் வரலைன்னா டிசிபி இன்னும் அனுப்பும். கடைசியில் எவ்வளவு பெரிய க்யூ கொடுத்தாலும் நிரப்பிட்டுத்தான் நிற்கும். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் இதைக் கவனிச்சு பஃபர்ப்ளோட் என்று பேர் வச்சார். பஃபர் வீங்கிப் போச்சு, அவ்வளவுதான் அர்த்தம்.

அப்போ க்யூவை 1000-லிருந்து 50 ஆக்கிட்டா சரியாகுமா? ஜிகாபிட்டில் 50 பாக்கெட் 0.6 மில்லிசெகண்டில் காலி. கொஞ்சம் கூட்டமா பாக்கெட் வந்தாலே தேவையில்லாமல் டிராப் ஆகும். 1 எம்பிபிஎஸ்ஸில் அதே 50 பாக்கெட் 600 மில்லிசெகண்ட் வரிசை. எந்த நம்பர் போட்டாலும் ஒரு பக்கம் உதைக்கும். ஏன்னா நம்பர் தப்பு இல்லை, அலகுதான் தப்பு.

2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேகப்சனும் கொண்டு வந்த கோடெல் என்ற அல்காரிதம் இந்த அலகை மாத்துச்சு. க்யூவில் எத்தனை பேர்னு அது கேட்காது. ஒவ்வொரு பாக்கெட்டும் உள்ளே வரும்போது நேரத்தைக் குறிச்சு வைக்கும். வெளியே போகும்போது எவ்வளவு நேரம் உள்ளே இருந்ததுன்னு பார்க்கும். அந்தக் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்கு மேல போய், 100 மில்லிசெகண்ட் முழுக்க ஒரு தடவை கூட அதுக்குக் கீழே இறங்கலைன்னா ஒரு பாக்கெட்டை டிராப் பண்ணும். அப்பவும் குறையலைன்னா அடுத்த டிராப்புக்கான இடைவெளி சுருங்கும்: 100, பிறகு 71, பிறகு 58 மில்லிசெகண்ட், இப்படி 100-ஐ டிராப் எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால் வகுத்துக்கிட்டே போகும். திடீர்னு கூட்டம் வந்து உடனே கலைஞ்சா கோடெல் கண்டுக்காது. கூட்டம் கலையாமல் உட்கார்ந்தாதான் நடவடிக்கை. நல்ல வரிசை எது, கெட்ட வரிசை எது என்று பிரிக்க இதை விடச் சுருக்கமான விதி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

இதோட ஃப்ளோ க்யூயிங்கும் சேர்ந்து எஃப்க்யூ-கோடெல் ஆச்சு. உங்க டவுன்லோடு ஒரு க்யூ, பக்கத்து ரூம் கால் வேறொரு க்யூ. எப்பவாவது ஒரு பாக்கெட் அனுப்புற ஃப்ளோவுக்கு முன்னுரிமை. மெஸ்ஸில் ஒரு டம்ளர் தண்ணிக்கு வந்தவரை முப்பது பேர் சாப்பாட்டு வரிசையில் நிறுத்தாம, "நீ எடுத்துக்கிட்டு போப்பா" என்று விடுற மாதிரி.

ஈதர்நெட்டில் வேலை செஞ்சது, வைஃபையில் செய்யலை

2012-லேயே இது லினக்ஸில் வந்தாச்சு. எல்லாரும் ஆசையா வைஃபை இன்டர்ஃபேஸிலும் போட்டுப் பார்த்தாங்க. லேட்டன்சி பெருசா குறையலை. காரணம், எஃப்க்யூ-கோடெல் உட்கார்ந்த இடம். அது டிரைவருக்கு மேலே இருந்தது. அதுக்குக் கீழே டிரைவருக்குள்ள இன்னொரு க்யூ, அதுக்கும் கீழே ஹார்ட்வேரில் இன்னொரு க்யூ. மேலே இருக்கிற வாட்ச்மேன் எவ்வளவு புத்திசாலியா இருந்தும் என்ன, கூட்டம் எல்லாம் அவரைத் தாண்டி உள்ளே போய் நிற்குதே.

ஈதர்நெட்டுக்கு இந்தக் கீழ் க்யூவை அடக்க ஒரு வழி கிடைச்சது. பைட் க்யூ லிமிட்ஸ் என்று பேர், லினக்ஸ் 3.3-ல் வந்தது. ஹார்ட்வேருக்குள்ள ஒரே சமயத்தில் இத்தனை பைட்டுக்கு மேல அனுப்பாதேன்னு ஒரு வரம்பு. அந்த வரம்பை அது தானாகவே கத்துக்கும். ஈதர்நெட் கேபிளோட வேகம் மாறாது. அதனால் பைட்டை எண்ணினாலும் நேரத்தை எண்ணினாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

வைஃபையில் அப்படி இல்லை. 802.11என், 20 மெகாஹெர்ட்ஸ், ஒரே ஆன்டெனா என்று வச்சுக்கோங்க. வேகம் 6.5-லிருந்து 65 வரை எட்டுப் படி. உங்க முதுகுக்குப் பின்னாடி ஒருத்தர் நடந்து போனாலே படி மாறும். ஒரே 1500 பைட் பாக்கெட் 65-ல் 185 மைக்ரோசெகண்ட் எடுக்கும், 6.5-ல் 1846 மைக்ரோசெகண்ட். பத்து மடங்கு. இதில் பைட்டை எண்ணி என்ன பண்றது?

அது மட்டும் இல்லை. காற்றில் பேசுறதுக்கு முன்னாடி வைஃபை காத்திருக்கணும். 5 கிகாஹெர்ட்ஸில் சாதாரண ட்ராஃபிக்குக்கு 43 மைக்ரோசெகண்ட் கட்டாயக் காத்திருப்பு, சராசரியா 67 மைக்ரோசெகண்ட் ரேண்டம் காத்திருப்பு, 36 மைக்ரோசெகண்ட் ப்ரியாம்பிள், அப்புறம்தான் அந்த 185 மைக்ரோசெகண்ட் டேட்டா. அதுக்கப்புறம் 16 மைக்ரோசெகண்ட் இடைவெளி, 28 மைக்ரோசெகண்ட் போல ஒரு ஏக்நாலெட்ஜ்மென்ட். கூட்டினா 375 மைக்ரோசெகண்ட். 65 எம்பிபிஎஸ் என்று பேர், கையில் கிடைக்கிறது 32.

இதுக்குத்தான் அக்ரிகேஷன். ஒரே ஆளுக்குப் போற 20 பாக்கெட்டை ஒண்ணாக் கட்டி ஒரே தடவையில் அனுப்பினா, காத்திருப்பு எல்லாம் ஒரே முறைதான். கணக்குப் போட்டா 62 எம்பிபிஎஸ் பக்கம் வரும். நம்ம மெஸ் தோசை மாஸ்டர் இதை எந்தப் பாடப் புத்தகமும் படிக்காமலே செய்யறார். கல்லைத் துடைச்சு எண்ணெய் தேய்க்கிற நேரம் ஒரு தோசைக்கும் அதேதான், நாலு தோசைக்கும் அதேதான். அதனால நாலா ஊத்துவார்.

ஆனா நாலா ஊத்தணும்னா நாலு ஆர்டர் கையில் இருக்கணும். இங்கேதான் வைஃபை டிரைவர் எழுதறவங்களோட தலைவலி. க்யூ காலியா இருந்தா கட்ட முடியாது, த்ரூபுட் பாதியாகும். க்யூ நிறைஞ்சா லேட்டன்சி போச்சு. அதுவும் ஒரு கட்டு ஒரே ஆளுக்குத்தான் போகணும் என்பதால், எல்லாருக்கும் பொதுவா ஒரு க்யூ வச்சா நடக்காது. ஆளுக்கொரு க்யூ வேணும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது மேக்-வைஃபை-ஃபாஸ்ட் என்ற திட்டம். டேவ் டாட், டோக்கே ஹோய்லண்ட்-யோர்கென்சன் போன்றவங்க அதில் வேலை பார்த்தாங்க. அவங்க செஞ்சது ஒரு இடமாற்றம். மேலே இருந்த க்யூவையும் டிரைவருக்குள்ள இருந்த க்யூவையும் எடுத்துட்டு, நடுவில் இருக்கிற மேக்80211 அடுக்கில் ஒரே ஒரு க்யூ அமைப்பு வச்சாங்க. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும், ஒவ்வொரு ட்ராஃபிக் வகைக்கும் தனி வரிசை, அதுக்குள்ள எஃப்க்யூ-கோடெல். முன்னாடி கெர்னல் பாக்கெட்டை டிரைவர் மேல தள்ளும். இப்போ டிரைவர் தனக்குத் தேவைப்படும்போது வந்து இழுத்துக்கும். ஏத்9கே டிரைவரில் ஹார்ட்வேருக்குள்ள ரெண்டு கட்டு மட்டும்: ஒண்ணு காற்றில் போய்க்கிட்டு இருக்கும், இன்னொண்ணு தயாரா நிற்கும். மீதி எல்லாம் கோடெல் கண்ணுக்குத் தெரியற இடத்தில். 2017-ல் யூசெனிக்ஸ் மாநாட்டில் இந்த வேலை பேப்பரா வந்தது. லோடு இருக்கும்போது வர்ற லேட்டன்சி பத்து மடங்கு அளவில் குறைஞ்சதா அதில் காட்டியிருக்காங்க. வேகமான ஹார்ட்வேர் வாங்கி வந்த லாபம் இல்லை இது. க்யூவை இடம் மாத்தி வந்த லாபம்.

வேகத்தை மதிப்பிடுவது எப்படி?

நேரத்தில் எண்ணணும்னு முடிவு பண்ணியாச்சு. ஆனா ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் எடுக்கும்னு அனுப்புறதுக்கு முன்னாடியே தெரியணுமே. அதுக்கு அந்த ஸ்டேஷனோட உண்மையான த்ரூபுட் வேணும்.

டாஸ்க்பாரில் தெரியற "65 எம்பிபிஎஸ்" பிஹெச்ஒய் ரேட். காற்றில் பிட் பறக்கிற வேகம், அவ்வளவுதான். அதில் போன பாக்கெட் போய்ச் சேர்ந்ததான்னு அது சொல்லாது. லினக்ஸின் மின்ஸ்ட்ரல் என்ற ரேட் கன்ட்ரோல் இதைச் சோதனை மூலமா கண்டுபிடிக்குது. ஒவ்வொரு ரேட்டிலும் எத்தனை அனுப்பினோம், எத்தனைக்கு ஏக்நாலெட்ஜ்மென்ட் வந்ததுன்னு எண்ணி வெற்றி விகிதம் வச்சுக்கும். பழைய மதிப்பையும் புது அளவையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு நகரும் சராசரி. நடுநடுவே ஒரு சில பாக்கெட்டை வேற ரேட்டில் அனுப்பி வேவு பார்க்கும்.

65-ல் வெற்றி 40 சதவீதம், 39-ல் 85 சதவீதம் என்று வச்சுக்கோங்க. 65-ஐ 0.4-ஆல் பெருக்கினா 26. 39-ஐ 0.85-ஆல் பெருக்கினா 33. மெதுவா போறதுதான் இங்கே வேகம். ஆட்டோ கேப்பில் புகுந்து போயும் அடுத்த சிக்னலில் நாம பஸ்ஸோட சேர்ந்துதானே நிற்கிறோம், அந்தக் கதை.

கோடைப் படிச்சப்போ எனக்குப் பிடிச்ச ரெண்டு சின்ன விஷயம் இதில் இருக்கு. வெற்றி 10 சதவீதத்துக்குக் கீழே போனா த்ரூபுட்டை நேரா பூஜ்யம்னு வச்சுடும். அந்த ரேட்டை நம்பிப் பிரயோஜனம் இல்லை. 90-க்கு மேல போனா 90-லேயே நிறுத்திடும். 93-க்கும் 97-க்கும் இருக்கிற வித்தியாசம் பெரும்பாலும் வேற யாராவது குறுக்கே பேசினதால் வர்ற ஆட்டம். அதை நம்பி ரேட்டை மாத்தக் கூடாது. இது வெறும் இன்ஜினியரிங் விவேகம், எந்த ஃபார்முலாவிலிருந்தும் வராது.

இந்த மதிப்பீடு நேரா க்யூவுக்குள்ள போய் வேலை செய்யும். 1 எம்பிபிஎஸ்ஸில் ஒரே ஒரு பாக்கெட் காற்றில் போகவே 12 மில்லிசெகண்ட். அங்கே கோடெல்லின் 5 மில்லிசெகண்ட் இலக்கை வச்சா, தனியா நிற்கிற பாக்கெட் கூட குற்றவாளி. அதனால் மேக்80211 இலக்கை 20 மில்லிசெகண்ட் ஆக்கிச்சு. 2017-ல் இன்னொரு படி சேர்த்தாங்க, 2025-ல் அதை எடுத்துட்டாங்க. ஒரு ஸ்டேஷனோட எதிர்பார்க்கும் த்ரூபுட்டை டிரைவர் சொன்னது. அது 6 எம்பிபிஎஸ்ஸை ஸ்டேஷன் எண்ணிக்கையால் பெருக்கி வர்றதை விடக் குறைவா இருந்தா அந்த ஸ்டேஷன் "மெது" என்று எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு இலக்கு 50, இன்டர்வல் 300 மில்லிசெகண்ட் வச்சிருந்தாங்க.

எண்ணிக்கையால் ஏன் பெருக்கணும்? 20 எம்பிபிஎஸ் கிடைக்கிற ஒருத்தர் அஞ்சு பேரோட பங்கு போட்டா அவருக்கு 4 தான். யோசனை நியாயம். ஆனா அந்தக் கோடு எண்ணினது இணைஞ்சிருந்த ஸ்டேஷன்களை, பேசிக்கிட்டு இருந்தவங்களை இல்லை. ஹாஸ்டலில் ஒரு ஆக்ஸஸ் பாயின்ட்டில் 40 ஃபோன் இணைஞ்சிருக்கும். அதில் 35 ஃபோன் தலையணைக்குக் கீழே தூங்கும். 6-ஐ 40-ஆல் பெருக்குங்க: 240 எம்பிபிஎஸ். அந்தக் கணக்குப்படி ஃப்ளோரில் பாதிப் பேருக்கு மேல "மெது" ஆயிடுவாங்க, எல்லாருக்கும் தளர்வான இலக்கு. வீட்டு ரவுட்டரில் அஞ்சு பேரை மனசில் வச்சு எழுதின வரி, ஹாஸ்டலில் வேற அர்த்தம் கொடுத்தது.

ஆளுக்கு ஒரு தோசையா, ஆளுக்கு ஒரு நிமிஷமா?

இப்போ கொஞ்சம் சண்டை வர்ற இடம். ஒரு ஆக்ஸஸ் பாயின்ட், ரெண்டு பேர். கிட்ட இருக்கிறவர் 65-ல், மூலை ரூம்காரர் 6.5-ல். ஆளுக்கு ஒரு பாக்கெட் என்று மாத்தி மாத்தி அனுப்பினா ஒரு சுற்றுக்கு 185-உம் 1846-உம் சேர்ந்து 2031 மைக்ரோசெகண்ட். ரெண்டு பேருக்கும் 5.9 எம்பிபிஎஸ். சமம்தானே? இல்லை. காற்று நேரத்தில் 91 சதவீதம் மூலை ரூம்காரரோடது. 65-ல் இருக்கிறவர், தானும் 6.5-ல் இருக்கிற மாதிரி ஆயிட்டார். 802.11-ன் பெர்ஃபார்மன்ஸ் அனாமலி என்று 2003-லேயே இதை எழுதிட்டாங்க.

மாற்று வழி, பாக்கெட்டுக்குப் பதில் காற்று நேரத்தைச் சமமாப் பங்கிடுறது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மைக்ரோசெகண்டில் ஒரு கணக்குப் புத்தகம். அனுப்பினா கழிக்கும், தீர்ந்தா அடுத்தவர் முறை. இப்போ கிட்ட இருக்கிறவருக்கு 32.5, மூலை ரூமுக்கு 3.25. மொத்தம் 11.8-லிருந்து 35.75 ஆச்சு.

மூலை ரூம்காரர் கேட்பார்: "எனக்கு 5.9 வந்துக்கிட்டு இருந்தது, இப்போ 3.25. இதுல என்னங்க நியாயம்? நானா அந்த ரூமைக் கேட்டு வாங்கினேன்?" கேள்வி சரிதான். ஆனாலும் நான் ஏர்டைம் பக்கம்தான். முதல் காரணம், பக்கத்தில் இருக்கிறவரும் மூலையிலேயே உட்கார்ந்து 6.5-ல் ஓட்டினாலும் இவருக்கு அதே 3.25 தான் கிடைக்கும்; அடுத்தவர் எவ்வளவு வேகம் என்பது இவர் பங்கைப் பாதிக்காது. ரெண்டாவது, கிட்ட இருக்கிறவர் டவுன்லோடை சீக்கிரம் முடிச்சுட்டுக் கிளம்பிடுவார், அதுக்கப்புறம் கல் முழுக்க இவருக்குத்தான். மூணாவது, இன்டர்வியூ காலுக்கு 3.25 போதும், அவர் காலைக் கெடுத்தது த்ரூபுட் குறைவு இல்லை, 2 செகண்ட் வரிசை. மூலை ரூமுக்கு சிக்னல் வராதது தீர வேண்டிய பிரச்சனைதான். அதைத் தீர்க்க ஏணியும் இன்னொரு ஆக்ஸஸ் பாயின்ட்டும் வேணும். ஷெட்யூலர் கோடில் அதைத் தீர்க்கப் பார்த்தா, ஃப்ளோர் முழுக்க அதுக்கு விலை கொடுக்கும்.

ஃபர்ம்வேர் மூடி வச்சிருந்தா?

ஏத்9கே மாதிரி பழைய சிப்பில் எல்லாம் டிரைவர் கையில். 802.11ஏசி காலத்து பல சிப்களில் ரேட் தேர்வு, அக்ரிகேஷன் எல்லாம் சிப்புக்குள்ள ஓடுற ஃபர்ம்வேரில். அதுக்குள்ள ஒரு பெரிய க்யூ இருக்கும். எட்டிப் பார்க்க முடியாது. மறுபடியும் பழைய கதை: வாட்ச்மேன் வெளியே, கூட்டம் உள்ளே.

இதுக்குத்தான் ஏர்டைம் க்யூ லிமிட்ஸ், சுருக்கமா ஏக்யூஎல். கூகுளின் கான் யான் எழுதி, லினக்ஸ் 5.5-ல் சேர்ந்தது. ஃபர்ம்வேருக்குள்ள பார்க்க முடியாட்டி என்ன, உள்ளே அனுப்பின பாக்கெட்டுக்கெல்லாம் எவ்வளவு காற்று நேரம் ஆகும்னு நாமே கணக்கு வச்சுக்கலாமே. கடைசியா தெரிஞ்ச ரேட்டை வச்சு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நேரத்தை மதிப்பிட்டு, உள்ளே போகும்போது கூட்டணும். அனுப்பி முடிச்சாச்சுன்னு தகவல் வரும்போது கழிக்கணும். ஒரு ஸ்டேஷனோட பாக்கி 5 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா தாராளமா அனுப்பலாம். மொத்த ரேடியோவிலும் பாக்கி 24 மில்லிசெகண்டைத் தாண்டாம இருந்தா, அந்த ஒரு ஸ்டேஷன் 12 வரை போகலாம். கூட்டம் இல்லாத நேரத்தில் பெரிய கட்டு கட்ட இடம் கொடுக்கும், கூட்டம் வந்ததும் பிடியை இறுக்கும்.

மதிப்பீடு தப்பாப் போனா? ரெண்டு மடங்கு குறைவா மதிப்பிட்டா 5 மில்லிசெகண்ட் வரிசை 10 ஆகும். பரவாயில்லை, முன்னாடி இருந்தது செகண்ட் கணக்கில். அதிகமா மதிப்பிட்டாதான் ஆபத்து: ஃபர்ம்வேருக்குத் தீனி பத்தாது, கட்டு சிறுத்துப் போகும், த்ரூபுட் விழும். துல்லியம் தேவையில்லாத இடம் இது. எந்தப் பக்கம் தப்பினா எவ்வளவு வலிக்கும்னு தெரிஞ்சாப் போதும்.

ஒரு இடத்தில் மட்டும் கறாரா இருக்கணும். கூட்டின அதே மதிப்பைத்தான் கழிக்கணும். அனுப்பும்போது 39 எம்பிபிஎஸ் என்று 308 மைக்ரோசெகண்ட் கூட்டிட்டு, முடிஞ்ச பிறகு ரேட் 65-க்கு மாறிடுச்சேன்னு 185 கழிச்சா, 123 மைக்ரோசெகண்ட் கணக்கில் தொங்கும். ஆயிரம் பாக்கெட்டில் அந்த ஸ்டேஷனோட கடன் வரம்பைத் தாண்டி எங்கேயோ போயிடும், க்யூ ஒரேயடியா நின்னுடும். கணக்கு எழுதற அண்ணாச்சிக்குத் தெரியாததா இது? அதனால்தான் கெர்னல் அந்த மதிப்பீட்டை ஒவ்வொரு பாக்கெட்டின் மேலேயே எழுதி வைக்குது. அதுக்குக் கிடைச்ச இடம் வெறும் 10 பிட். 4 மைக்ரோசெகண்ட் அலகில் எழுதி 4 மில்லிசெகண்ட் வரை சமாளிக்குது. நெட்வொர்க்கிங் கோடில் பாக்கெட் ஸ்ட்ரக்சரில் ஒரு பிட் கேட்டு வாங்குறது, செமஸ்டர் நேரத்தில் ஓடி கேட்டு வாங்குற மாதிரி.

உங்க லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தா, ஐடபிள்யூ கருவியில் ஸ்டேஷன் டம்ப் எடுத்துப் பாருங்க. டிஎக்ஸ் பிட்ரேட் என்று ஒரு வரி இருக்கும். மின்ஸ்ட்ரல் ஓடுற டிரைவரா இருந்தா அதோட எக்ஸ்பெக்டட் த்ரூபுட் என்றும் ஒரு வரி வரும். ரெண்டும் ஏன் ஒண்ணா இல்லைன்னு இப்போ உங்களுக்குத் தெரியும். அந்த ரெண்டாவது வரி வரவே இல்லைன்னா, பெரும்பாலும் உங்க சிப்பின் ரேட் முடிவுகளை ஃபர்ம்வேர் எடுக்குதுன்னு வச்சுக்கலாம். அப்புறம் மூலைக்குப் போய் அந்த அப்லோடு பிங்கை எடுங்க. 50 மில்லிசெகண்டுக்குள்ள நின்னா உங்க டிரைவருக்குள்ள யாரோ நேரத்தை எண்ணுறாங்க. ஆயிரத்தைத் தாண்டினா இன்னும் பாக்கெட்டைத்தான் எண்ணிக்கிட்டு இருக்காங்க. இன்டர்வியூ நேரத்தில் டிரைவ் சிங்க்கை நிறுத்தி வைங்க, ரூம்மேட்டையும் நிறுத்தச் சொல்லுங்க.